கையெழுத்தை வரைய முடியாது

2023 மே 14, சேப்பாக்கம். கொல்கத்தாவிடம் தோற்ற பிறகும் சென்னை அணி மைதானத்தைச் சுற்றிவந்து ரசிகர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. நடுவே ஒருவர் தோனியிடம் ஓடிப்போய், போட்டிருந்த சட்டையிலேயே ஆட்டோகிராஃப் வாங்கிக்கொண்டார். வாங்கியவர் சுனில் கவாஸ்கர், வயது 73. டெஸ்ட் கிரிக்கெட்டில் முதன்முதலில் 10,000 ரன்களைத் தொட்டவர். இந்த ஆசை பள்ளிக்கூடத்தோடு போய்விடும் என்று யார் சொன்னது?

அந்தச் சில நொடிகளில் தோனியின் கை செய்தது சாமானிய வேலை அல்ல. காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது விரல்களும் மணிக்கட்டும் உழைக்கின்றன. எதிரே நிற்பவரின் நெஞ்சில், நழுவும் துணியில் போடும்போது முழங்கையும் தோளும் சேர்ந்துகொள்கின்றன. தசைகள் வேறு, அளவு வேறு. வடிவம் மட்டும் அதே! காரணம், மூளை கையெழுத்தைத் தனித்தனித் தசைகளுக்கான கட்டளைகளாகச் சேமித்து வைப்பதில்லை. ஒட்டுமொத்த அசைவின் வரைவாக வைத்திருக்கிறது. இதற்கு ‘இயக்கத் திட்டம்’ என்று பெயர். கால் கட்டைவிரலால் மணலில் உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். கோணல்மாணலாக வந்தாலும் உங்கள் எழுத்தின் சாயல் தெரியும்.

அடுத்தது வேகம். கண்ணால் பார்த்து, பிழை உணர்ந்து, கையைத் திருத்த நொடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குவரை ஆகும். பழகிய கையெழுத்தின் வளைவு ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட அதற்குள் முடிந்துவிடுகிறது. திருத்த நேரமே இல்லை. மூளை முன்கூட்டியே தீட்டியதைக் கை அப்படியே கொட்டிவிடுகிறது.

போலி ஆசாமி மாட்டுவது இங்கேதான். அவர் கையெழுத்துப் போடுவதில்லை, பார்த்து வரைகிறார். கைதேர்ந்த பாட்டி ஒரே இழுப்பில் கோலக்கோடு போடுவதையும், கற்றுக்குட்டி தயங்கி நிற்கும் இடமெல்லாம் மாவு குவிவதையும் பார்த்திருப்பீர்கள். மையும் அப்படித்தான். தயங்கிய இடத்தில் தேங்கும், கோடு மெல்ல நடுங்கும், முனைகள் மழுங்கும். அசலில் கோடு ஊசியாகத் தொடங்கி ஊசியாகவே முடியும், ஏனென்றால் பேனா ஓடிக்கொண்டே இறங்கி, ஓடிக்கொண்டே எழுகிறது.

காகிதமும் சாட்சி சொல்லும். சலவைத்தூளில் இருக்கும் வெண்மையூட்டிகள் காகிதத்தில் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. புற ஊதா விளக்கின் கீழ் அவை நீலமாக ஒளிரும். பேஸ்பால் நாயகன் பேப் ரூத் இறந்தது 1948இல். அவர் 1920களில் கையெழுத்திட்டதாகச் சொல்லும் தாள் பளிச்சென்று ஒளிர்ந்தால் விற்பவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்க்கலாம்.

ஆனாலும் பயிற்சி பெற்ற போலிக்காரர் வேகமாகவே எழுதப் பழகிவிடுகிறார். 1990களின் இறுதியில் அமெரிக்காவின் எஃப்பிஐ ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் ஒரு பெரிய போலிக் கும்பலை வளைத்தது. சிக்கிய சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லும் பேஸ்பாலும் இருந்தது! சான் டியேகோவின் பேஸ்பால் நட்சத்திரம் டோனி க்வின், தன் அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிகளைக் கண்டுபிடித்தார்.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2001இல் கண்டுபிடித்த தீர்வில் மைக்கு வேலையே இல்லை. வீரர் கையெழுத்திடும்போது பக்கத்தில் ஓர் ஆள் நின்று பார்க்கிறார். பெரும்பாலும் காவல்துறையில் இருப்பவர், அல்லது ஓய்வுபெற்றவர். பார்த்த உடனே பந்தில் எண்ணிட்ட ஹாலோகிராம் வில்லையை ஒட்டுகிறார். உரித்தால் அது சிதைந்துவிடும், வேறு பந்துக்கு மாற்ற முடியாது. எண்ணை இணையத்தில் தட்டினால் பந்தின் வரலாறு வரும்.

விதி ஒன்றே ஒன்று: அவர் பார்த்திருக்க வேண்டும். கம்பி வேலியோரம் காத்திருந்து, உங்கள் கண்ணெதிரே வீரர் போட்டுக்கொடுத்த பந்தை நீட்டினால் வில்லை கிடைக்காது. வில்லை வேண்டுமென்றால், அதே வீரர் கையெழுத்திட்ட இன்னொரு பந்தைக் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.