தரைக்கு அடியில் தண்ணீரா? டைல்ஸ் போடும் முன் இதை பாருங்க!

சென்னை:

மழை விட்டு 10 நாள் ஆகியிருக்கும். தெருவில் தண்ணீர் வடிந்திருக்கும். ஆனால் வீட்டுக்குள் தரை மட்டும் காயாது. பாய் விரித்து படுத்தால் காலையில் அடிப்பக்கம் ஈரம். சுவர் ஓரத்தில் உப்பு பூத்து சுண்ணாம்பு பொரிந்து விழும்.

புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை என வடசென்னையில் 40, 50 வருஷத்து பழைய வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இது புது கதை இல்லை. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் என்று ஒவ்வொரு பெரிய மழைக்கு பிறகும் இதே பாடுதான்.

இந்த நேரத்தில் பலர் அவசரப்பட்டு ஒரு காரியம் செய்கிறார்கள். சீட்டு பணத்தை எடுத்தோ, நகையை அடகு வைத்தோ பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டி விடுகிறார்கள். ஆறு மாதம் பளபளப்பாக இருக்கும். அடுத்த மழையில் டைல்ஸ் இடுக்கில் ஈரம் கசியும். போட்ட காசு கரைஞ்சதுதான் மிச்சம்.

தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் தரையில் கை வைக்க வேண்டும். கண்டுபிடிப்பது எப்படி? விவரம் வருமாறு:-

தண்ணீர் எப்படி வருகிறது?

அந்த காலத்து வீடுகளில் மண்ணையோ, மணலையோ நிரப்பி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து தரை போட்டார்கள். அதற்கு மேல் கடப்பா கல் அல்லது சிவப்பு சிமெண்ட் பூச்சு. ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு பல வீடுகளில் கிடையாது. விளக்கு திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி மண்ணும் செங்கல்லும் ஈரத்தை மேலே இழுக்கும். இதைத்தான் ‘ஓதம்’ என்கிறோம்.

இதோடு ரோடு பிரச்சினையும் சேர்ந்து விட்டது. பழைய ரோட்டை சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகி விட்டது. பழைய ரோட்டை சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021-ம் ஆண்டு தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். ஆனால் ஏற்கனவே உயர்ந்து போன தெருக்களில் வீடுகள் பள்ளத்தில்தான் நிற்கின்றன.

வடசென்னை தட்டையான பூமி. கடல் மட்டத்தில் இருந்து சில மீட்டர் உயரம்தான். பக்கத்திலேயே ஓட்டேரி நல்லா, பக்கிங்காம் கால்வாய். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழை கொட்டும்போது நிலத்தடி நீர் மேலே ஏறி, தரைக்கு அடியில் வந்து நின்று விடும்.

மழை மட்டும்தான் காரணமா?

இல்லை. சம்ப் கசிவு, உடைந்த குழாய், அடைத்த டிரெயினேஜ், மாடியில் இருந்து வரும் மழைநீர் குழாய் என்று பல வழி உண்டு. வீட்டில் இருந்தபடியே சோதித்து பார்க்கலாம்.

1. கோடையில் பாருங்க: ஏப்ரல், மே மாதத்திலும் தரை ஈரமாக இருந்தால் மழை மேல் பழி போட முடியாது. குழாய், சம்ப், டிரெயினேஜ் ஆகியவற்றில்தான் கோளாறு.

2. பிளாஸ்டிக் சோதனை: இரண்டு அடி சதுர பிளாஸ்டிக் தாளை தரையில் விரித்து நான்கு ஓரத்திலும் டேப் ஒட்டுங்கள். மறுநாள் பாருங்கள். தாளுக்கு அடியில் முத்து முத்தாக தண்ணீர் இருந்தால் ஈரம் பூமியில் இருந்து வருகிறது. மேல்பக்கம் மட்டும் ஈரம் என்றால் அது காற்றில் உள்ள ஈரம். ஜன்னலை திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

3. சம்ப் சோதனை: இரவு சம்ப்பை நிரப்பி, தண்ணீர் வரும் வால்வை மூடி, மோட்டாரையும் நிறுத்துங்கள். தண்ணீர் மட்டத்தில் சாக்பீசால் கோடு போடுங்கள். காலையில் மட்டம் இறங்கி இருந்தால் கசிவு நிச்சயம். 6 அடிக்கு 5 அடி சம்ப்பில் ஒரு அங்குலம் இறங்கினாலே சுமார் 70 லிட்டர் தண்ணீர் மண்ணுக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

4. கேசரி பவுடர் சோதனை: சுவரில் இருந்து மூன்று அடி தள்ளி சின்ன பள்ளம் தோண்டுங்கள். ஒரு பக்கெட் தண்ணீரில் கேசரி பவுடரை கலந்து கழிவறையில் ஊற்றுங்கள். சில மணி நேரத்தில் பள்ளத்தில் கலர் தெரிந்தால் டிரெயினேஜ் குழாய் உடைந்திருக்கிறது. மண் கலரை வடிகட்டி விடும் என்பதால், கலர் வராவிட்டால் குழாய் நல்லாத்தான் இருக்கு என்று முடிவு கட்டக்கூடாது. நாற்றம் அடித்தால் அதுவே சாட்சி.

மோட்டார் போட்டு இறைக்கலாமா?

ஒரு முறை இறைத்து பாருங்கள். மறுநாள் காலையில் அதே மட்டத்துக்கு ஊறி வந்தால் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கிறது. தினமும் இறைத்தால் கரண்ட் பில்தான் ஏறும்.

இறைக்கும் தண்ணீரில் மணல் வந்தால் உடனே நிறுத்துங்கள். அஸ்திவாரத்துக்கு அடியில் இருக்கும் மணல்தான் வெளியேறுகிறது. தரைக்கு கீழே பொந்து விழுந்து சுவர் இறங்கி விடும்.

டீசல், பெட்ரோல் மோட்டாரை வீட்டுக்குள் ஓட்டக்கூடாது. அந்த புகையில் உள்ள விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆளையே கொன்று விடும். மூடிக்கிடந்த சம்ப், செப்டிக் டேங்க் உள்ளே யாரும் இறங்கக் கூடாது. பாதுகாப்பு கருவி இல்லாமல் செப்டிக் டேங்க்கில் ஆளை இறக்கி சுத்தம் செய்ய வைப்பது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம்.

சரி செய்வது எப்படி?

மாடி மழைநீர் குழாய் சுவர் அடியில் கொட்டினால், முதலில் அதை தள்ளி விடுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-ம் ஆண்டு முதல் கட்டாயம். ஆனால் அந்த குழி அஸ்திவாரத்தை ஒட்டி இருந்தால் வீட்டுக்கு அடியில்தான் தண்ணீர் சேரும். வீட்டை சுற்றி வெளிப்பக்கம் சாய்வாக சிமெண்ட் தளம் போடுவதும் பலன் தரும்.

நிலத்தடி நீர்தான் காரணம் என்றால் வாசலில் குட்டிச்சுவர் கட்டுவதால் பயன் இல்லை. அது தெரு வெள்ளத்தைத்தான் தடுக்கும். கோடையில் பழைய தரையை உடைத்து, ஈர மண்ணை எடுத்து, மணல் கொட்டி இடிக்க வேண்டும். அதன் மேல் பொடி கலக்காத பெரிய ஜல்லி அரை அடி. ஜல்லிக்கு நடுவே இடைவெளி இருப்பதால் ஈரம் ஏறாது. அதற்கு மேல் தடிமனான பிளாஸ்டிக் தாளை ஓர் அடி ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி விரித்து, சுவர் ஓரத்தில் மேலே மடித்து விட வேண்டும். பிறகு நாலு அங்குலம் கான்கிரீட். இதெல்லாம் முடிந்த பிறகுதான் டைல்ஸ்.

ஜாக்கி வைத்து வீட்டை தூக்குவதும் சென்னையில் நடக்கிறது. ஆனால் மண் சாந்தில் கட்டிய சுவர், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் உள்ள வீடு என்றால் அது ஆபத்து. இன்ஜினீயர் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

உஷார்! உஷார்!

தரையை கம்பியால் தட்டினால் ‘டொக், டொக்’ என்று பொந்து சத்தம், கதவு திடீரென இறுகி மூட முடியாமல் போவது, சுவரில் சாய்வாக விரிசல். இந்த மூன்றும் சேர்ந்தால் அலட்சியம் வேண்டாம். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு தேதி எழுதுங்கள். கோட்டை தாண்டி விரிசல் வளர்ந்தால், குழந்தைகளோடு வெளியேறி விட்டு இன்ஜினீயரை கூப்பிடுங்கள்.

ஈரச்சுவரில் உள்ள சுவிட்சை தொடாதீர்கள். தரையில் தண்ணீர் ஏறினால் மெயினை ஆப் செய்யுங்கள். மெயின் பெட்டியே ஈரமாக இருந்தால் அதையும் தொடாமல் மின்வாரியத்துக்கு சொல்லுங்கள். எலி நடமாடும் தண்ணீரில் வெறுங்காலோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரும். காலில் புண் இருந்தால் கட்டாயம் பூட்ஸ் போட வேண்டும்.

செலவு யாருக்கு?

வாடகை வீடு என்றால், தமிழ்நாட்டில் 2019-ல் அமலுக்கு வந்த வாடகை சட்டப்படி கட்டிட பழுது, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது ஆகியவை வீட்டு உரிமையாளர் பொறுப்பு. டிரெயினேஜ் அடைப்பை சுத்தம் செய்வது குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி இருந்தால் அதுதான் செல்லும். கையெழுத்து போடும் முன் படித்து பாருங்கள்.

தெரு கழிவுநீர் குழாயில் அடைப்பு என்றால் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணிலும், மழைநீர் கால்வாய் பிரச்சினை என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணிலும் புகார் செய்யலாம். புகார் எண்ணை குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் நாலு வீட்டில் இதே பிரச்சினை என்றால், நாலு பேரும் தனித்தனியாக புகார் கொடுங்கள். ஒரு வீட்டு தொல்லை இல்லை, தெருக்குழாயில்தான் கோளாறு என்பது அப்போதுதான் அதிகாரிகளுக்கு புரியும்.