மலையிறக்கத்தில் ஓர் இலக்கண விசாரம்

இலக்கணம் கற்பிக்கும் ஒருவனிடம் மோட்டார்க் கார் வாங்குவதற்கு ஆலோசனை கேட்பாரும் உளரோ என்று நேயர்கள் நகைக்கலாம். என்னிடம் கேட்கப்பட்டபோது யானும் நகைத்தேன். கீழைத்தேயக் கல்லூரியொன்றில் கால் நூற்றாண்டுக்கு மேலாக நன்னூலோடு வாழ்பவன் யான். சொந்தமாக ஒரு துவிச்சக்கர வண்டிக்கு மேல் எதனையும் வைத்திருந்தவனல்லன். ஆயினும் என் தந்தையார் நமுனுகுல மலைச்சாரலில் ஒரு தோட்டத்திலே முப்பது ஆண்டுகள் கொழுந்து லொறி ஓட்டியவர். அவரருகில் அமர்ந்து யானும் ஓட்டக் கற்றவன். வகுப்பில் வேற்றுமைக்கு உதாரணம் காட்டும்போது அந்த லொறி எவ்வாறோ உள்ளே நுழைந்துவிடும். அதனை நினைவில் வைத்திருந்த மாணவர் ஒருவரே என்னைத் தேடி வந்தார்.

அவர் லயத்துக் காம்பறாவிலே பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கிற் படித்து, இன்று பதுளையில் வைத்தியராக இருப்பவர். “ஐயா, ரெண்டு கார் பார்த்து வச்சிருக்கேன். ரெண்டும் பி.எம்.டபிள்யூ. ஒன்று மெனுவல், மற்றது ஓட்டோ. எதை எடுக்கிறதுன்னு தெரியாம ஒரு மாசமா யோசிக்கிறேன். நீங்க வந்து பார்த்துச் சொல்லணும்” என்றார். லயத்திற் பிறந்தவனுக்கு இத்தகைய உல்லாசக் கார் எதற்கு என்று அவரிடமே கேட்டவர்களும் உண்டாம். அவர்களுக்கு யான் இங்கே மறுமொழி கூறப்போவதில்லை.

முதலாவது கார் பண்டாரவளையில் ஓய்வுபெற்ற தோட்ட அதிகாரி ஒருவருடையது. இருபது ஆண்டு பழையது. ஐந்து படிக் கைக்கியர். மற்றது கொழும்பிலிருந்து வந்தது, வயதிற் பாதி, எட்டுப் படித் தானியங்கிக் கியர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் பழைய கார்களுக்கு ஏறிய விலை எளிதில் இறங்குவதாயில்லை. ஆகையால் இவ்விரண்டில் எதை வாங்கினும் வைத்தியரின் சேமிப்பிற் பெரும்பகுதி கரைந்துவிடும். அதனினும் பெரிய கவலையொன்று அவருக்கு இருந்தது. அவருடைய தாயார் பசறைக்கு அப்பால் தோட்டத்திலேயே வசிக்கிறார். நகருக்கு வந்து குடியிருக்க மறுக்கிறார். ஞாயிறுதோறும் அம்மூதாட்டியை அவ்வளைவுகளில் ஏற்றி இறக்க வேண்டும். 2021 மார்ச் 20 இல் பசறைக்கு அருகே பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்ததையும், 2025 செப்டெம்பர் 4 ஆம் நாள் இரவு எல்ல–வெல்லவாய பாதையில் தங்காலை நகரசபை ஊழியர் சென்ற பஸ் வீழ்ந்து பதினைவர் மாண்டதையும் ஊவாவில் மறந்தவர் இலர். மலைப்பாதையில் வண்டி ஓட்டுவோன் எவனும் அவ்விடங்களைக் கடக்கும்போது பேச்சை நிறுத்திக்கொள்கிறான்.

கியர் என்பது யாது? தெமோதரையில் புகையிரதப் பாதை செய்யும் யுக்தியே அது. 1924 இல் பதுளையை எட்டிய அப்பாதை, தெமோதரையில் நேரே இறங்க இயலாமல், மலையை ஒரு சுற்றுச் சுற்றித் தன் நிலையத்துக்கு அடியிலேயே குகைவழி புகுந்து செல்கிறது. நெடுந்தூரம் நடப்பதைக் கூலியாகக் கொடுத்து உயரத்தை மெல்ல மெல்லக் கழித்துக்கொள்கிறது. சிறிய கியரில் எஞ்சின் பலமுறை சுழன்று சக்கரத்தை ஒருமுறை சுழற்றும். வேகம் குறையும், வலிமை பெருகும். இறக்கத்தில் இதுவே தலைகீழாக நடைபெறும். சக்கரமே எஞ்சினைப் பலமுறை சுழற்ற வேண்டியிருத்தலின், எஞ்சின் ஒரு சுமையாகி வண்டியைப் பின்னே பிடித்திழுக்கும். மலைநாட்டானுக்குக் கியரின் பெரும்பயன் இதுவே. சமவெளியார்க்கு இது தோன்றுவதில்லை.

இம்மாற்றத்தைக் கையாற் செய்வதா, பொறியிடம் விடுவதா என்னும் வினா நேற்று முளைத்ததன்று. திரவத்தைச் சுழற்றி வலுவைக் கடத்தும் உபாயத்தை ஜெர்மானியரான ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905 இலேயே கப்பல்களுக்கென வகுத்தார். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் 1940 ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் ‘ஹைட்ரமெட்டிக்’ என்ற தானியங்கிக் கியரை விற்றது. 1959 முதல் 1967 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்ட ஜாகுவார் மார்க் 2 வேகமும் சுகமும் ஒருங்கமைந்த கார். அதனை வாங்குவோர் நான்கு படிக் கைக்கியரோ மூன்று படித் தானியங்கியோ விரும்பியதைப் பெறலாம். அதன் கைக்கியரில் முதற்படி நெடுங்காலம் கறகறவென்று பல்லைக் கடித்தது. ஓடும்போது முதற்படிக்கு மாற்ற வேண்டுமாயின் கிளச்சை இருமுறை மிதிக்கும் வித்தை தெரிந்திருக்க வேண்டும். நம் மலைநாடு நன்கறிந்த மொரிஸ் மைனருக்கும் அவ்வாறே.

அண்மைக் காலத்து வரலாறு வைத்தியரின் தலைமுறையைச் சேர்ந்தது. அவரே எனக்குச் சொன்னார். 2005 இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5 கிளச் மிதியே இல்லாத ஏழு படிக் கியருடன் வந்ததாம். உள்ளேயிருப்பது கைக்கியரின் உடம்பே. கிளச்சை அழுத்துவதும் விடுவதும் மட்டும் பொறியின் வேலை. வட அமெரிக்கர் வற்புறுத்தவே, அவர்களுக்கென்று ஆறு படிக் கைக்கியர் பின்னர் செய்யப்பட்டது. 2017 இல் வெளிப்பட்ட எம்5 இல் கைக்கியர் எவருக்கும் இல்லை. பந்தயத்தில் பொறி மாற்றும் விரைவுக்கு மனிதன் கை ஈடுகொடுக்க இயலாது என்பது உண்மை. ஆனால் எல்ல மலையில் யாரும் பந்தயம் ஓடுவதில்லை. ஓட வேண்டாம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வண்டிகளையும் அதே பாதையில் ஓட்டிப் பார்த்தோம். பதுளையிலிருந்து ஹாலிஎல, தெமோதரை வழியாகக் கும்பல்வெலச் சந்திக்குச் சென்று, எல்லவைக் கடந்து வெல்லவாய வரையில் இறங்குவது. முதல் ஞாயிறு கைக்கியர். வைத்தியர் நன்றாகவே ஓட்டினார். எல்லவுக்குக் கீழே இரண்டாம் கியரில் இறக்கினார். எஞ்சின் சற்று முணுமுணுத்தது. பிரேக்கை வளைவு தோறும் தொட்டுவிட்டாரேயன்றி மிதித்தாரல்லர். ஆயினும் திரும்பி ஏறும்போது, சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டி நின்ற இடத்தில், நின்று நின்று நகர வேண்டியதாயிற்று. முன்பு கால்பந்து ஆட்டத்தில் அடிபட்ட அவருடைய இடது முழங்கால் அன்றிரவு வீங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு ஓட்டோ. ஏற்றம் தேன்போல் இருந்தது. இறக்கத்தில் அவர் கைப்பிடியை ‘டி’ என்னும் எழுத்தில் விட்டுவிட்டு, வலது காலைப் பிரேக்கின்மேல் வைத்தவர் எடுக்கவேயில்லை. இராவணா நீர்வீழ்ச்சியண்டை நிறுத்தி இறங்கியபோது முன்சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்தது. எனக்கு நெஞ்சு ஒருமுறை அடித்து நின்றது. அவ்வாடை யான் சிறுவயதில் அறிந்த வாடை.

அதனைச் சொல்வதன்முன் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எல்ல கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய 200 மீற்றர் அளவில். ஒன்றரைத் தொன் நிறையுள்ள கார் இந்த 800 மீற்றரை இறங்கும்போது இழக்கும் வலு, 40 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கல்யாண வீட்டு அண்டா ஒன்றை மனத்திற் கொள்க. காற்றும் பாதையும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சினைப் பிடித்திழுக்க விட்டால் அதுவும் பெரும்பங்கு ஏற்கும். விடாவிட்டால் மிச்சமெல்லாம் நான்கு சக்கரங்களில் உள்ள பிரேக் தட்டுகளின் தலையிலே. பிரேக் எண்ணெய் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ‘டொட் 3’ என்னும் வகை புதிதாயின் 205 பாகை செல்சியஸ் வரை கொதியாதிருக்க வேண்டும். ஈரமேறியதாயின் 140 பாகை வரை தாங்கினாற் போதும் என்பதே அதற்குரிய அளவுகோல். எண்ணெய் கொதித்தால் ஆவி. ஆவியோ அழுத்தினால் சுருங்கும். மிதி தரையைத் தொடும், வண்டி நில்லாது.

என் தாய்மாமன் அவ்வாறே இறந்தார். அப்போது எனக்கு வயது பதினொன்று. தந்தையார் காய்ச்சலிற் படுத்திருந்த ஒரு நாள் வேறொரு சாரதி லொறியை எடுத்தார். இறக்கத்தில் கியரைக் கழற்றி வெறுமனே உருள விட்டால் டீசல் மிஞ்சும்; மிஞ்சியதை விற்கலாம். அக்காலத்துச் சாரதிமார் பலர் அறிந்த தந்திரம் அது. கொழுந்துச் சாக்குகளின்மேல் மாமன் அமர்ந்திருந்தார். லொறியைத் தேயிலைச் சரிவிலிருந்து மேலே இழுத்தபோது சக்கரங்களில் அந்த வாடை இன்னும் இருந்தது. தந்தையார் அதன்பின் எனக்கு ஓட்டக் கற்பித்தபோது ஒரே பாடத்தைத்தான் ஓயாமற் கூறினார்: “ஏறுன கியருலயே எறங்குடா தம்பி. பிரேக்கு நிப்பாட்டத்தான், எறக்கத்துக்கு இல்ல.”

நீர்வீழ்ச்சியின் சாரலில் நின்றுகொண்டு இதனை வைத்தியருக்குச் சொன்னேன். அவர், “அப்போ மெனுவல்தான் எடுக்கணும்னு சொல்றீங்களா ஐயா?” என்றார். அந்த இடத்திற்றான் இலக்கணம் எனக்குக் கைகொடுத்தது. மூன்றாம் வேற்றுமைக்குரிய கருத்தாவை இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா என இரண்டாகப் பிரிப்பர். கோயிலைத் தச்சன் கட்டினான் எனலாம். அரசன் கட்டினான் எனவும் கூறலாம். உளியைப் பிடித்தவன் ஒருவன், ஏவியவன் மற்றவன், இருவரும் கருத்தாக்களே. அரசன் உளியைத் தொடவில்லை என்பதனால் கோயில் சாய்ந்தாற் பழி அவனை விட்டுப் போவதில்லை. கைக்கியர்க் காரில் ஓட்டுபவர் தச்சர்; ஓட்டோவில் அவர் அரசர். ‘தானியங்கி’ என்று நாம் வைத்த பெயரே மயக்கம் தருகின்றது. அது தானாக இயங்குவதன்று, ஏவப்பட்டு இயங்குவது. ஏவல் பிழைத்தால் வினையும் பிழைக்கும். ‘டி’ என்பது ‘உன் விருப்பப்படி செய்’ என்னும் ஏவல். காலை எடுத்தவுடன் எண்ணெய் மிச்சம் பிடிக்க மேற்படிக்குத் தாவுவதே அதன் விருப்பம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். புதிய பொறிகள் சில, பிரேக் அழுத்தத்தைக் கொண்டு இறக்கத்தை உணர்ந்து தாமே ஒரு படி குறைத்துக் கொடுக்கின்றன. ஆயினும் அவை வந்த இறக்கத்தையே அறியும். வரப்போகும் வளைவு ஓட்டுபவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். ஆகையால் ஏவுவதற்கு வழியும் வைத்திருக்கிறார்கள். வைத்தியரின் காரில் கைப்பிடியை இடப்பக்கம் சாய்த்து முன்னே தள்ளினால் ஒரு படி குறையும். சிறு ஓட்டோ கார்களில் ‘எல்’ அல்லது ‘2’ என்றிருக்கும். டொயோட்டா ஹைபிரிட் வண்டிகளில் ‘பி’. அவ்வெழுத்துகளை வாங்கிய நாள் முதல் தொட்டறியாதவர் பலர். பதுளை நகரிலே யான் விசாரித்த ஏழு பேரில் இருவருக்கே அவை எதற்கென்று தெரிந்திருந்தது.

தட்டுகள் ஆறும் வரை அரைமணி நேரம் தேநீர் அருந்தினோம். பின்பு வைத்தியர் கைப்பிடியைச் சாய்த்து, இரண்டு தடவை முன்னே தள்ளிக்கொண்டு இறங்கினார். கைக்கியர்க் காரின் அதே முணுமுணுப்பு எழுந்தது. வெல்லவாயவில் யான் சக்கரத்தண்டை குனிந்து மோந்து பார்த்தேன். தார் வாடையைத் தவிர வேறொன்றுமில்லை.

அவர் ஓட்டோவையே வாங்கினார். முழங்காலை உத்தேசித்து யானும் அதனையே சொன்னேன். பண்டாரவளைக் கார் கொழும்பு இளைஞர் ஒருவரிடம் போயிற்று என்று கேள்வி.

ஆனால் வைத்தியர் மகளுக்கு ஒரு நிபந்தனை விதித்தார். ஓட்டோ வண்டியிற் பரீட்சை கொடுத்தால் அவ்வகையை மட்டுமே ஓட்டலாம் என்ற வரையறையோடு அனுமதிப்பத்திரம் கிடைக்கும். அது வேண்டாம், கைக்கியரிற் கற்றுத் தேறு என்றார். மகளுக்குச் சம்மதமில்லை. எனினும் இரவல் வாங்கிய பழைய ஆல்ட்டோ ஒன்றில் பசறைப் பாதையில் இப்போது பழகி வருகிறாள். சென்ற சனிக்கிழமை யானும் பின்னாசனத்தில் இருந்தேன். ஏற்ற வளைவொன்றில் மூன்று தடவை எஞ்சின் நின்றது. “தாத்தா, பின்னால பஸ் ஹோன் அடிக்குது” என்றாள், கண்கலங்க. “அடிக்கட்டும் அம்மா. கைப்பிரேக்கைப் போடு, மெல்லக் கிளச்சை விடு” என்றேன். நான்காந் தடவை வண்டி குலுங்கிக்கொண்டு ஏறியது. பஸ் சாரதி எங்களைக் கடந்து போகையில் கையை உயர்த்திவிட்டுப் போனார்.