கம்பளிச் சட்டையில் தொங்கும் முத்திரைகள்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். குழந்தைக்கு மெரினோ கம்பளிச் சட்டை வாங்கப் போனால் கழுத்துப்பட்டியில் ஒரு முத்திரை, தொங்கும் அட்டையில் இன்னும் இரண்டு இருக்கும். எல்லாம் சேர்ந்து ‘நல்ல சரக்கு’ என்று சொல்வதுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கு விடை.

நூற்கண்டு சுழல்வது போன்ற சின்னம் உல்மார்க், 1964இல் வந்தது. அசல் கம்பளிதானா, துவைத்தால் தாங்குமா என்பதற்கு அது பொறுப்பு. ஆட்டை எப்படி நடத்தினார்கள் என்று அது சொல்லாது.

அதற்கு ஆர்.டபிள்யூ.எஸ். (RWS) எனப்படும் ‘ரெஸ்பான்சிபிள் உல் ஸ்டாண்டர்டு’ முத்திரையைத் தேட வேண்டும். மெரினோ ஆட்டுக்குத் தோல் மடிப்பு மடிப்பாக இருக்கும். வாலடியில் ஈரமும் கழிவும் தங்கினால் ஈ முட்டையிட்டு, புழுக்கள் ஆட்டை உயிரோடு அரித்துவிடும். அதைத் தடுக்க ஆஸ்திரேலியாவில் குட்டிகளின் பின்புறத் தோலைப் பட்டையாக வெட்டி எடுக்கும் வழக்கம் உண்டு, மியூல்சிங் என்பார்கள். பண்ணைக்காரரின் பயம் நியாயமானதுதான். ஆனால் மடிப்புக் குறைந்த ஆடுகளை வளர்த்தெடுக்கும் வழி இருக்கிறதே! நியூசிலாந்து 2018இல் மியூல்சிங்கைத் தடை செய்தது. ஆர்.டபிள்யூ.எஸ்.ஸும் அனுமதிப்பதில்லை. ஆனால் சாயப்பட்டறையில் என்ன ரசாயனம் கலந்தார்கள் என்று அது கேட்பதில்லை.

உடம்பில் படும் ரசாயனத்தைப் பார்ப்பது ஓகோடெக்ஸ் ஸ்டாண்டர்டு 100. நூல், பொத்தான், ஜிப் வரை சோதிப்பார்கள். அந்த 100, நூறு சதவீதக் கம்பளி என்பதல்ல. தரநிலையின் பெயர், அவ்வளவுதான். இதில் நான்கு வகுப்புகள். மூன்று வயதுவரையுள்ள குழந்தைகளுக்கான முதல் வகுப்பில்தான் கண்டிப்பு அதிகம். பெரியவர்கள் தோலில் படும் துணியில் கிலோவுக்கு 75 மில்லிகிராம் ஃபார்மால்டிஹைடு வரை விடுவார்கள். குழந்தைத் துணியில் சோதனையில் தெரியவே கூடாது.

திருப்பூர்க்காரர்கள் பருத்தியில் பார்த்துப் பழகிய காட்ஸ் (GOTS) என்ற இயற்கை வேளாண்மைத் துணிக்கான முத்திரை கம்பளிக்கும் உண்டு. குறைந்தது 70 சதவீதம் இயற்கை வேளாண்மை இழை வேண்டும். சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலை எல்லாவற்றையும் அது கேட்கிறது. கம்பளியை மெஷினில் துவைக்கத் தோதாக்க, இழையின் செதில்களைக் குளோரினால் மழுக்குவது வழக்கம். காட்ஸ் அதை ஏற்பதில்லை. குழந்தைக்கென்றால் நான் முதலில் தேடுவது இதைத்தான். கிடைக்காவிட்டால் ஓகோடெக்ஸ் முதல் வகுப்பு.

எதை வாங்கினாலும் முத்திரைக்குக் கீழே உள்ள சான்றிதழ் எண்ணை அந்த அமைப்பின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். சான்றிதழ் நூலுக்கு மட்டும்தானா, தைத்த சட்டைக்கா என்பது அங்கே தெரியும். ஓகோடெக்ஸ் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான், தேதியையும் பார்த்துவிடுங்கள்.