புழுதிக்குள் ஒளிய முடியாத படை

2003 மார்ச் 25. ஈராக்கின் நஜஃப் நகரை ஒட்டிய பாலைவனத்தில் பட்டப்பகலிலேயே வானம் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. அமெரிக்கப் படை குவைத் எல்லையைத் தாண்டி ஐந்து நாட்கள்தான் ஆகியிருந்தன. முன்னால் போகும் வண்டி பின்னால் வருகிறவருக்குத் தெரியவில்லை. போதாக்குறைக்கு மழையும் பிடித்துக்கொண்டது. காற்றில் மிதந்த புழுதியைச் சேர்த்துக்கொண்டு இறங்கியதால் அது சேறாகவே பெய்தது. வண்டிக் கண்ணாடி, துப்பாக்கி, சிப்பாய்களின் முகம் எல்லாவற்றிலும் மண் பூச்சு.

வசந்த காலத்தில் ஈராக்குக்கு இது புதிதல்ல. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து காற்றழுத்தத் தாழ்வு ஒன்று கிழக்கே நகரும்போது, அதற்கு முன்னால் தெற்கிலிருந்து வெப்பக்காற்று வீசும். அது கடந்ததும் வடமேற்கிலிருந்து ‘ஷமால்’ காற்று கிளம்பும். இரண்டும் அடுத்தடுத்து வந்தால் நாள்கணக்கில் புழுதிதான்.

சினிமாவில் காட்டுவதுபோல் வானத்தை மூடுவது மணல் அல்ல. மணல் கனமானது, ஆள் உயரத்துக்கு மேல் பெரும்பாலும் எழும்பாது. யூப்ரடிஸும் டைக்ரிஸும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் உயரே போகிறது. முகப் பவுடர்போல் நைஸான அது, எழும்பினால் லேசில் இறங்காது. தரையில் காய்ந்து இறுகியிருக்கும் பொருக்குதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான ராணுவ வண்டிகள் அந்தப் பொருக்கை உடைத்துக்கொண்டு போனால், கேட்கவா வேண்டும்?

ஹெலிகாப்டர்கள் தரையிலேயே முடங்கின. எரிபொருளும் தண்ணீரும் ஏற்றிவந்த லாரிகள் நெடுஞ்சாலையில் ஊர்ந்தன. பாரசீக வளைகுடாவில் நின்ற விமானந்தாங்கிக் கப்பல்களில் பல பறப்புகள் ரத்தாயின. படையெடுப்பே நின்றுபோனதாகப் பத்திரிகைகள் எழுதத் தொடங்கின.

ஈராக் தரப்பும் இதைத்தான் நம்பியது. புழுதித் திரை இருக்கும்போதே இடம் மாறிவிடலாம் என்று குடியரசுக் காவல் படையின் சில பிரிவுகள் நகர்ந்தன. சாதாரணக் கணக்குப்படி அது சரியான முடிவுதான். தப்பு எங்கே என்றால், புழுதி எல்லாருடைய கண்ணையும் ஒரேபோல் மறைப்பதில்லை.

தூசித் துகளின் அளவு சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மைக்ரோமீட்டரைக்கூடத் தொடாது. துகளில் பட்டுச் சிதறிவிடுகிறது. லேசருக்கும் ஏறக்குறைய இதே கதிதான்: குறி மீது ஒளிப்புள்ளி விழுந்தால்தானே குண்டு அதைத் தேடிப் போகும்? ரேடார் அலையோ சென்டிமீட்டர் கணக்கு. தூசியைச் சட்டை செய்யாமல் கடந்துவிடும். உயரே சுற்றிய ஜேஸ்டார்ஸ் விமானத்தின் ரேடார், தரையில் நகரும் வண்டிகளைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. சும்மா நின்றிருந்தாலாவது அதன் கண்ணில் எளிதில் பட்டிருக்க மாட்டார்கள். கிடைத்த இடக்குறிப்பைக் கொண்டு, பி-52 போன்ற விமானங்கள் ஜி.பி.எஸ். வழிகாட்டும் குண்டுகளைப் போட்டன. செயற்கைக்கோள் சமிக்ஞையின் அலைநீளம் சுமார் 20 சென்டிமீட்டர். அதையும் தூசி தடுக்காது. புயல் ஓய்ந்தபோது குடியரசுக் காவல் படையின் மதீனா டிவிஷன் நன்றாகவே அடிவாங்கியிருந்தது.

இதே அமெரிக்காவைப் புழுதி ஜெயித்த கதையும் உண்டு. 1980 ஏப்ரல் 24 இரவு, டெஹ்ரானில் சிறைப்பட்டிருந்த பணயக் கைதிகளை மீட்க, நிமிட்ஸ் கப்பலிலிருந்து எட்டு ஹெலிகாப்டர்கள் கிளம்பின. திட்டம் நிறைவேறக் குறைந்தது ஆறு வேண்டும். ஒன்று சுழல் இறக்கைக் கோளாறு எச்சரிக்கையால் வழியில் கைவிடப்பட்டது. இன்னொன்று மிதக்கும் தூசிக்குள் திக்குத் தெரியாமல் திரும்பியது. பாலைவனத்தில் போய் இறங்கியவற்றில் ஒன்றுக்கு ஹைட்ராலிக் பழுது. திட்டம் கைவிடப்பட்டுப் புறப்படும்போது ஒரு ஹெலிகாப்டர் போக்குவரத்து விமானத்தில் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள்.

பின்னர் விசாரித்த ஹாலோவே குழு கண்டது வேறொரு கோளாறு. அப்படியொரு தூசி வரலாம் என்ற தகவல் திட்ட ஆவணத்தின் வானிலைப் பகுதியிலேயே இருந்தது. ரகசியம் கசியக் கூடாதென்று வானிலை அதிகாரிகளையும் விமானிகளையும் நேரடியாகப் பேசவிடாததால், ஓட்டிப்போனவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. 2003-ல் அப்படி நடக்கவில்லை: புயல் வரப்போகிறது என்பது சில நாட்களுக்கு முன்பே தளபதிகளின் மேசைக்கு வந்துவிட்டது.