அடம்பிடிக்கும் கார் சக்கரம்

ஸ்டெப்னி மாற்ற நம்மில் பலர் கற்றுக்கொண்டுவிட்டோம். ஆனால் எல்லா நட்டையும் கழற்றிய பிறகும் சக்கரம் ‘வரமாட்டேன்’ என்று அடம்பிடித்தால்? எங்கள் வீடு கடற்கரைப் பக்கம். உப்புக்காற்றில் இந்தத் தொல்லை எங்களுக்குப் பழக்கம்.

சக்கரத்தின் நடு ஓட்டை ஹப்பின் மேல் கச்சிதமாக உட்காருகிறது. அந்த இடுக்கில் துருப் பிடித்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அலாய் வீல் என்றால் அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து இன்னும் மோசம்.

அதற்காக ஜாக்கியில் நிற்கும் காரை உதைப்பதோ உலுக்குவதோ கூடவே கூடாது. ஜாக்கி நழுவினால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகளை முதலிலேயே இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள்.

நான் செய்வது இதுதான். எல்லா நட்டையும் மறுபடி மாட்டி, கையால் முடுக்கி, ஒரு சுற்று மட்டும் தளர்த்துவேன். காரைத் தரையில் இறக்கி, ஓரிரு அடி முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துவேன். காரின் கனமே துருவை உடைத்து, ‘டக்’கென்று சத்தம் கேட்கும். பிறகு ஹேண்ட் பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கியில் ஏற்றினால் சுலபமாக வந்துவிடும். அப்படியும் அசையலையா? மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வொர்க்‌ஷாப்பில் சக்கரம் கழற்றும்போதெல்லாம் ஹப்பின் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, நடு விளிம்பில் மட்டும் துளி கிரீஸ் தடவச் சொல்லுங்கள். நட்டு மரையிலும் பிரேக்கிலும் படக்கூடாது. ராத்திரியில் பிள்ளைகளோடு நடுரோட்டில் நிற்கும் அவஸ்தை மிச்சம்!