மின்னலைத் திருப்பிவிடும் வித்தை

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' (2005-2008) மொத்தம் 61 எபிசோடு. சின்னப் பசங்க கார்ட்டூன்தானே என்று உட்கார்ந்தவன், சண்டையில் கை அசைவுகளைக் கவனிக்க ஆரம்பித்ததும் மாட்டிக்கொண்டேன்.

நீர், நிலம், நெருப்பு, காற்று என நான்கு நாட்டவர். ஒவ்வொருவர் சண்டை முறைக்கும் நிஜமான ஒரு சீனக் கலைதான் அடிப்படை. நீருக்கு தாய் சி: எதிராளியின் விசையை வாங்கி அவனிடமே திருப்புவது. நிலத்துக்கு ஹங் கார்: காலை அழுத்தி ஊன்றி நிற்பது. நெருப்புக்கு வடக்கு ஷாவோலின்: பாய்ந்து தாக்குவது. காற்றுக்கு பாகுவா: வட்டமாகச் சுற்றி நழுவுவது.

இப்போ கதைக்கு வருவோம். தன் மேன்மையை உலகத்தோடு பகிர்ந்துகொள்வதாகச் சொல்லி நூறு வருஷமாகப் போர் நடத்துவது நெருப்பு தேசம். அந்த நாட்டின் முன்னாள் தளபதி ஐரோ, நீர் இனத்தவரைப் பார்த்துப் படித்து மின்னலைத் திருப்பிவிட ஒரு வழி கண்டுபிடிக்கிறார். விரல் வழியே வாங்கி, வயிற்றுக்கு இறக்கி, மறு கையால் வெளியே விடணும். இதயத்தைத் தொட்டால் சாவுதான். இதைத் தம்பி மகன் சூக்கோவுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

பின்னாளில் பெற்ற அப்பாவே மின்னலை ஏவும்போது சூக்கோவைக் காப்பாற்றுவது இந்த வித்தைதான். அடுத்த தடவை அந்தக் காட்சி வந்தால் அவன் கையைப் பாருங்க. நெருப்பு தேசத்து இளவரசன், தன் நாடு அழிக்கப் பார்த்த மக்களின் பாடத்தால் உயிர் பிழைக்கிறான்.