கடுகளவு சதை சொல்லும் உண்மை!

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை அந்த மலைவாழ் மக்களின் பழைய உணவு. இப்போது அவற்றுக்குப் பட்டணத்திலும் கிராக்கி!

"கோதுமை வயிற்றுக்கு ஆகவில்லை. சாமைக்கு மாறிவிட்டேன்" என்று சொல்லுவோர் உண்டு.

மாறுவதில் தவறில்லை. ஆனால், பேதியும் ரத்தசோகையும் விடாமல் வாட்டுகிறவர்கள், மாறும் முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதுதான் குடல் சதைப் பரிசோதனை. டாக்டர்கள் இதை 'பயாப்சி' என்பார்கள்.

மொட்டையாகும் குடல்

சிறுகுடலின் நீளம் சுமார் 20 அடி. அதன் உட்சுவரில் விரல் போன்ற நுண்ணிய முளைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. இவையே குடலுறிஞ்சிகள். உணவின் சத்தை ரத்தத்தில் சேர்ப்பது இவற்றின் வேலை.

கோதுமையில் 'குளூட்டன்' என்ற புரதம் உண்டு. சிலருக்கு அது பகை! அதை உண்டால், நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவல் படை தன் குடலையே தாக்குகிறது. உறிஞ்சிகள் தேய்ந்து, குடல் சுவர் மொட்டையாகிறது. இதுவே 'சீலியாக்' நோய்.

கத்தியை விழுங்கினார்கள்!

முன்பெல்லாம் குடல் சதையைப் பார்க்க வேண்டுமானால் வயிற்றைத் திறக்க வேண்டும். இறந்தவரின் குடலும் பயன்படாது. அதன் உட்பரப்பு சீக்கிரமே சிதைந்துவிடும்.

1957-ல் அமெரிக்க ராணுவ டாக்டர் கிராஸ்பி ஒரு வழி கண்டார். மெல்லிய குழாயின் நுனியில் மாத்திரை போன்ற ஒரு கூடு. அதற்குள் சிறு கத்தி. நோயாளி அதை விழுங்குவார். குடலை அடைந்ததும் குழாய் வழியே காற்றை உறிஞ்சினால், கத்தி ஒரு துணுக்கை நறுக்கிக்கொள்ளும்.

வேலூர் கண்ட அதிசயம்

1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் 'ஸ்ப்ரூ' என்ற பேதி நோய் பரவியது. பலர் மாண்டனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர்கள் பேக்கரும் மாத்தனும் இதை ஆராய்ந்தார்கள்.

அந்த நாளைய வேலூர் ஆய்வுகளில் ஓர் அதிசயம் தெரிந்தது. நோயில்லாத நம் ஊராரின் உறிஞ்சிகளும் மேல்நாட்டாருடையதைவிடக் குட்டையாக இருந்தன! ஆகவே, உறிஞ்சி குட்டை என்பதை மட்டும் வைத்துச் சீலியாக் என்று முடிவு கட்டலாகாது. ரத்தப் பரிசோதனையும் சேர வேண்டும்.

ஸ்ப்ரூவுக்குக் கோதுமை காரணமல்ல. போலிக் அமிலமும் கிருமிக்கொல்லி மருந்தும் அதைக் குணப்படுத்தும். குடல் காசநோய்க்கோ மருந்து வேறு. சதையில் காணும் சிறு முடிச்சுகள் அதைக் காட்டிக்கொடுக்கும். வயிற்றுத் தொல்லை ஒன்று போலத் தோன்றினாலும், வைத்தியம் ஒன்றல்ல!

இன்று எண்டோஸ்கோப்பை வாய் வழியே செலுத்தி, கடுகளவு துணுக்குகள் நாலைந்து எடுக்கிறார்கள். அவற்றை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்தில் சீவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள்.

முந்தினால் மோசம்

2016-ல் வெளியான ஆய்வின்படி, சீலியாக் நோய் கோதுமை உண்ணும் வடநாட்டில்தான் அதிகம். தென்னாட்டில் மிக அரிது. எனவே, நம் பக்கத்தில் தீராத பேதிக்குக் காரணம் வேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தினால் என்ன ஆகும்? சீலியாக் நோயாளியின் உறிஞ்சிகள் மெல்ல மறுபடி வளரும். ரத்தமும் சதையும் "நோயில்லை" என்று பொய் சாட்சி சொல்லக்கூடும்! ஆகவே, சோதனை முடியும்வரை வழக்கமான உணவே சரி.

நோய் உறுதியானால் ஆயுள் முழுதும் கோதுமையும் பார்லியும் கூடாது. அப்போது சாமையும் தினையும் உற்ற துணை. அவற்றில் குளூட்டன் இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: கோதுமை அரைத்த மில்லிலேயே சாமையை அரைத்தால் அந்த மாவும் பகைதான். அதை வீட்டிலேயே அரைத்துக்கொள்வது நல்லது.